கந்தரோடைக்குச் சொந்தச் சைக்கிளில்

முப்பத்தெட்டு வயதில் நான் சைக்கிள் பழகினேன். யாழ்ப்பாணத்தில் இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அதுவரை எப்படித் திரிந்தாய் என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பத்து வயதிலேயே சைக்கிளில் ரியூஷனுக்குப் பறப்பார்கள். நான் மட்டும் பழகவில்லை. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்திலேயே பஸ் நின்றது. விழுந்து காலை முறித்துக்கொண்டால் உன்னை யார் கல்யாணம் கட்டுவான் என்று ஐயாவும் மறித்துவிட்டார். பஸ் ஓடிய காலத்தில் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியதும் பெற்றோல் வருவது நின்றது. பஸ் அருமையானது. அன்றைக்கு அண்ணையின் சைக்கிள் கரியரில் ஏறியவள், ஐந்து வருடம் இறங்கவில்லை.

அண்ணை நல்லூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தார். அதே பள்ளிக்கூடத்தில் நான் தையல் ரீச்சர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணையோடும் அவர் பெண்சாதி மச்சாளோடும் அந்தக் கொக்குவில் வீட்டில்தான் இருந்தேன். பள்ளிக்கூடம், சந்தை, கோயில், செத்த வீடு, எங்கே போவதென்றாலும் அண்ணைக்கு நேரம் இருக்க வேண்டும், மனம் இருக்க வேண்டும், ரயரில் காற்று இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைவது லேசுப்பட்ட காரியமல்ல. கரியரில் பக்கவாட்டில் இருக்கும் பெண்ணுக்குத் தெருவின் ஒரு பக்கத்து வேலிதான் தெரியும். எந்த வீட்டு வேலி பிரிந்திருக்கிறது, எந்த வீட்டில் புது ஓலை கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால் நான் அப்படியே ஒப்புவிப்பேன். முன்னால் என்ன வருகிறது என்று மட்டும் எனக்குத் தெரியாது.

அண்ணை கெட்ட மனிதர் அல்ல. அதைச் சொல்லாவிட்டால் பாவம். வெயிலிலும் மழையிலும் என்னை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஆனால் ஏற்றி இறக்குகிறவருக்கு, ஏறி இறங்குகிறவளும் ஒரு சாமான் என்ற எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும். சந்தையில் யாரையாவது கண்டு கதைக்கத் தொடங்கினால் அரைமணி நேரம் கதைப்பார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் யாரோடாவது கதைத்தால் பெல் அடிப்பார்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சில மாதங்கள் சண்டை ஓய்ந்திருந்தது. ஹெலியும் பொம்பரும் இல்லாத வானத்தைச் சனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தது. பள்ளிக்கூட வளவில் வெட்டிய பதுங்குகுழிக்குள் பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடினார்கள். அப்போதுதான் எங்கள் அதிபர் அம்மா ஓய்வறையில் வந்து, “ஒருநாளைக்கு எல்லாருமா எங்கையாவது போட்டு வருவமே” என்றார். முந்தி வருடத்துக்கொரு தடவை ஆசிரியர்கள் சேர்ந்து பஸ் பிடித்து அனுராதபுரம், சிகிரியா என்று போன ஆட்கள் நாங்கள். இப்போது குடாநாட்டை விட்டு அசைய முடியாது. சரி, குடாநாட்டுக்குள் இருக்கிற பழைய இடங்களையாவது ஒருநாளில் பார்ப்போம் என்று முடிவானது. திட்டம் போடும் பொறுப்பு இயல்பாக அண்ணையிடம் போனது.

அவர் போட்ட திட்டம் நல்ல திட்டம். காலையில் நல்லூரில் காட்சிச்சாலை, மந்திரிமனை, யமுனா ஏரி. பிறகு காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம் போய், கந்தரோடையில் மத்தியானச் சாப்பாடு. வெயில் தணியச் சங்கானைக்குப் போய்ப் போர்த்துக்கேயர் கட்டிய கிறிஸ்தவக் கோயிலின் மிச்சம். அங்கிருந்து மானிப்பாயால் வீடு. எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்.

“ஒருத்தரும் டபிள் வரேலாது. அவையவை தங்கடை சைக்கிளிலைதான் வரோணும்.”

நியாயமான கட்டளைதான். புது ரயர் கண்ணால் காண முடியாத காலம். ரியூப் இல்லாமல் ரயருக்குள் வைக்கோலையும் கயிற்றையும் அடைத்து ஓடியவர்கள் இருந்தார்கள். வெடித்த ரயரில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு சங்கானை வரை போக முடியாது. அதெல்லாம் சரி. ஆனால் எங்களில் ஒருத்தி என்னைக் காட்டி, “அப்ப சேரின்ரை தங்கச்சி?” என்று கேட்டாள்.

அண்ணை பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: “அவள் வீட்டிலை நிக்கட்டும். உந்தக் கல்லுகளிலை அவளுக்கு என்ன கிடக்கு? நான் வந்து சொல்லுவன்தானே.”

நான் ஒரு பிள்ளையின் பாவாடை விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்த தையலை முழுவதும் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

கந்தரோடையைப் பற்றி எனக்கு அவர் வந்து சொல்லத் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டில் வருடக்கணக்காக அதைத்தான் கேட்டேன். பனங்காட்டுக்குள் சட்டியைக் கவிழ்த்து வைத்தது போன்ற கற்குவியல்கள், அவற்றுக்கு அடியில் எந்தக் காலத்து ஓடு, எந்தக் காலத்துக் காசு, எங்கள் முன்னோரில் எத்தனை பேர் புத்த சமயத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாடசாலைக் கண்காட்சி ஒன்றுக்கு அண்ணையிடம் இருந்த பழைய படம் ஒன்றைப் பார்த்து அந்த இடத்தை ஒரு பெரிய சீலையில் சாம்பல் நூலால் தைத்தும் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டவர்களுக்குச் சிரித்துச் சமாளித்தேன். போனதே இல்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், அண்ணையின் முதுகுக்குப் பின்னால் இருந்தபடியே முடிவெடுத்தேன். கந்தரோடைக்கு என் சைக்கிளில் போவேன், என் சைக்கிளில் திரும்பி வருவேன். ஒருவருடைய கரியரிலும் ஏற மாட்டேன்.

சைக்கிள் இருந்தது. பெரியம்மாவின் மகள் கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன லேடீஸ் சைக்கிள், கொட்டிலுக்குள் விறகுக்குப் பின்னால் கிடந்தது. மச்சாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மச்சாள், விழுந்தால் சத்தம் போடாமல் விழுங்கோ” என்றாள். அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். அண்ணை இல்லாத ஒரு பகலில் அவளே சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, பள்ளிக்கூடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து தந்தாள்.

பள்ளி விட்ட பிறகு அண்ணைக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு இருந்தது. அவர் முடித்து வரும் மட்டும் நான் தையல் அறையில் தூங்கி வழிவது வழக்கம். அந்த நேரத்தில் மைதானத்தின் பின்பக்கத்தில் பழகினேன். வலைப்பந்து பழக நின்ற பிள்ளைகள் கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் முன்னால் மண்ணில் உருள்வது இலேசான விஷயமல்ல. முதல் தடவை விழுந்தபோது ஒருத்திக்கும் சிரிக்கத் துணிவில்லை. இரண்டாம் தடவை நானே சிரித்தேன். அதற்குப் பிறகு அவர்கள் வஞ்சகமில்லாமல் சிரித்தார்கள். முழங்கால் இரண்டும் உரிந்து, முழங்கை வீங்கி, சீலைக் கரை செயினில் அகப்பட்டுக் கிழிந்தது. கிழிந்ததை நானே தைத்தேன். அந்த ஒரு விஷயத்திலாவது எனக்கு வசதி இருந்தது.

ஒரு மாதத்தில் ஓடப் பழகிவிட்டேன். ஓட மட்டும்தான். ஏறுவதற்கு ஒரு படியோ மதகோ வேண்டும். அதில் காலை ஊன்றித்தான் சீற்றில் இருப்பேன், உந்துவேன். நிறுத்துவதற்கும் அதேபோல ஒரு மதகு வேண்டும். நடுத்தெருவில் இறங்கச் சொன்னால் விழத்தான் தெரியும். இடப்பக்கம் திரும்புவேன். வலப்பக்கம் திரும்புவது கடவுளின் கையில்.

அந்தச் சனிக்கிழமை காலை அண்ணை குடையைக் கரியரில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டார். முதல் நாள் மச்சாள் திரும்ப உருட்டிவந்து கொட்டிலுக்குள் வைத்திருந்த என் சைக்கிளை நான் படிக்கருகே கொண்டுவந்து நிறுத்தினேன்.

“உதென்ன?”

“சைக்கிள்.”

“ஆற்றை?”

“என்ரை.”

“உனக்கு ஓடத் தெரியாது.”

“தெரியும்.”

அவர் மச்சாளைப் பார்த்தார். மச்சாள் உள்ளே போய்விட்டாள். “விழுந்தால் நான் தூக்க மாட்டன்” என்றார்.

“நான் கேக்கேல்லை” என்றேன். அண்ணையோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. வாயை மூடியதும் எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

பெண்கள் பள்ளிக்கூடம், கணக்கு மாஸ்ரரும் வரவில்லை. அதனால் அன்றைய கூட்டத்தில் அண்ணை ஒருவர்தான் ஆண். பின்னால் பெண்களின் நீண்ட வரிசை. அதன் வால் நான். நல்லூரில் காட்சிச்சாலையை முதலில் பார்த்தோம். எல்லோரும் சிலைகளையும் காசுகளையும் சுற்றி நின்றார்கள், அண்ணை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். நான் ஒரு மூலையில், மங்கிப்போன துணி ஒன்றின் ஓரத்தில் ஓடிய ரேந்தைப் பின்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தக் காலத்துப் பெண்ணோ, கண்ணைக் குத்திக் குத்திப் பின்னியிருக்கிறாள். அதன் பெயர் எழுதிய அட்டைகூட இல்லை. மந்திரிமனையில் மற்றவர்கள் சுரங்கம் இருக்கிறதா என்று தேடினார்கள். நான் முகப்பு மரங்களைப் பொருத்திய விதத்தைப் பார்த்தேன். கல்லுகளில் அவளுக்கு என்ன கிடக்கிறது என்று கேட்டாரே, இதெல்லாம் கிடக்கிறது.

காங்கேசன்துறை வீதி நேரான வீதி, எனக்கு ஏற்ற வீதி. இணுவிலில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வர, கிளுவை வேலிக்குள் போய்ச் செருகினேன். ஒருவரும் தூக்க வரவில்லை, வரவிடாமல் நானே கையைக் காட்டிவிட்டேன். மருதனார்மடம் சந்திக்கு வெகு முன்னாலேயே ஒரு மதகில் இறங்கி, சந்தைச் சனத்துக்கு நடுவே உருட்டினேன். எப்படியோ மத்தியானத்துக்குள் கந்தரோடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே பார்த்தேன். பனைகளுக்கு நடுவே, வெறும் மண்ணில், அந்தச் சாம்பல் நிறக் கல்லுக் குவியல்கள். சில என் இடுப்பளவுதான். சில என்னைவிடக் கொஞ்சம் உயரம். நான் தைத்த சீலையில் ஒவ்வொன்றையும் வீட்டளவுக்குத் தைத்திருந்தேன். படத்தில் பக்கத்தில் ஆள் நிற்கவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? பார்த்ததும் சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்தான். இவ்வளவு கிட்டவா இருந்தது? ஒரு காலைப்பொழுதில் வந்துவிடலாம் என்றால், இத்தனை வருடம் நான் ஏன் சாப்பாட்டு மேசையில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்? அண்ணை மேல் பாதிக் கோபம். கூட்டிக்கொண்டு போங்கோ என்று ஒரு தடவையும் வாய் திறக்காத என் மேல் மீதிக் கோபம். கொஞ்ச நேரம் தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சாப்பிடப் போனேன்.

வாழையிலையில் கட்டிய புளிச்சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் பொரித்த மிளகாயும் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி இருந்தன. சாப்பிட்டு முடிய அண்ணை விளக்கம் சொல்ல எழும்பினார். கையை அகல விரித்து, இந்த மண்ணுக்கடியில் எவ்வளவு காலம் புதைந்து கிடக்கிறது தெரியுமோ என்று எங்களைப் பார்த்தபடி பின்னுக்குப் பின்னுக்கு நடந்தார். அது பனங்கிழங்கு கிண்டுகிற மாதம். பக்கத்து வளவுக்காரர் கிழங்குப் பாத்தியைக் கிண்டிவிட்டு மூடாமல் விட்டிருந்தார். இரண்டாயிரம் வருடத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டே அண்ணை பனங்கிழங்குக் கிடங்குக்குள் விழுந்தார்.

நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். வலது கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கவே வீங்கியது. காலை ஊன்ற முடியவில்லை. முகம் வெளிறிப் போனது. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். வீட்டு ஆம்பிளை தோட்டத்துக்குப் போய்விட்டார், இருட்டத்தான் வருவார் என்றாள்.

சுன்னாகம் வரை யாராவது ஏற்றிப்போனால் மினிபஸ் பிடிக்கலாம். எங்களில் நல்லாகச் சைக்கிள் ஓடுகிற ஒரு இளம் ரீச்சர், கல்யாணம் முடித்தவள், “சேர், நான் ஏத்திறன். பின்னாலை இருங்கோ” என்றாள். ஆண் ஓட, பெண் பின்னால் இருப்பாள். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். பெண் ஓட, ஆண் பின்னால் இருப்பதை யாரும் கண்டதில்லை. அதுவும் இன்னொருவர் பெண்சாதியின் பின்னால். அந்தப் பெண்ணுக்கே சொல்லி முடியத்தான் விளங்கியது, தலையைக் குனிந்துவிட்டாள். அண்ணை நெரிந்த காலை மறந்து நிலத்தைப் பார்த்தார்.

அதிபர் அம்மா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். ஒழுங்காகச் சைக்கிள் ஓடத் தெரியாதவளும் நான் ஒருத்திதான்.

“நான் கொண்டுபோறன்” என்றேன்.

“விசரே உனக்கு? நான் இருட்டு மட்டும் இருக்கிறன். அந்த மனுசன் வரட்டும்.”

“இருட்டினால் லைற் இல்லை. கால் பனங்காய் மாதிரி வீங்கும். நீங்கள் இருங்கோ, நான் சொல்லிப்போட்டன்.”

அண்ணை அதிபரிடம், பயணத்தை நிறுத்த வேண்டாம், சங்கானைக்குப் போங்கோ என்றார். அது பெரிய மனசு. ஆனால் அப்போதுதான் எனக்கு விளங்கியது, சங்கானை எனக்கு இல்லை. அவ்வளவு உருண்டு, அவ்வளவு உரிந்து வந்தவள், பாதியில் திரும்ப வேண்டும். அண்ணையிடம், “கொஞ்சம் பொறுங்கோ, நான் இதை முழுக்கப் பாத்துப்போட்டு வாறன்” என்றேன். அவர் பனைக்கு அடியில் காலை நீட்டி இருக்க, நான் ஒவ்வொரு கல்லுக் குவியலாகச் சுற்றி நடந்தேன். ஒன்றையும் விடவில்லை. கல்லைத் தொட்டுப் பார்த்தேன், பொளிந்த அடையாளத்தைத் தடவிப் பார்த்தேன். அண்ணை பெல் அடிக்கவில்லை. அடிக்க அவருடைய சைக்கிள் பக்கத்தில் இல்லை, அந்த வீட்டுக்காரியின் கொட்டிலுக்குள் விட்டாயிற்று.

மற்றவர்கள் அவரை மதகு வரை தாங்கிக்கொண்டு வந்தார்கள். மதகில் இருந்து அண்ணை கரியருக்கு மாறினார். நான் அதே மதகில் காலை ஊன்றி, முருகனை நினைத்து உந்தினேன். சைக்கிள் முதலில் வாய்க்காலைப் பார்த்தது, பிறகு வேலியைப் பார்த்தது, பிறகு மனம் மாறித் தெருவுக்கு வந்தது. பின்னால் சிரிப்பும் கைதட்டலும் கேட்டன. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஆள் ஏறின சைக்கிள் வேறு சைக்கிள் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். தொடை இரண்டும் எரிந்தன. இந்தப் பாரத்தை அண்ணை ஐந்து வருடம் உழக்கியிருக்கிறார் என்ற நினைப்பும் வந்தது, வராமல் இல்லை.

சுன்னாகத்தில் ஒரு மதகோடு சாத்திக்கொண்டு மினிபஸ்ஸுக்குக் காத்து நின்றோம். ஒன்று வந்தது, கூரையிலும் சனம். நிற்காமலே போனது. இன்னொன்று நின்றது, படியில் ஒற்றைக் காலில் தொங்குகிறவர்கள் நிறைந்திருந்தார்கள். அண்ணைக்கு இருந்ததே ஒற்றைக் கால். கொண்டக்டர் தலையை ஆட்டிவிட்டான்.

“இருங்கோ, நான் வீடு மட்டும் விடுறன்” என்றேன்.

“மருதனார்மடம் சந்தி வருமே” என்றார் அண்ணை. காலைப் பற்றியோ தூரத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. மருதனார்மடச் சந்தையில் அவரிடம் படித்த பிள்ளைகளின் தகப்பன்மார் முழுப்பேரும் இருப்பார்கள். “சந்திக்கு இஞ்சாலை என்னை இறக்கிவிடு. நான் நொண்டி நொண்டிக் கடப்பன். நீ அங்காலை நில்.”

நான் மதகில் காலை ஊன்றி உந்தினேன்.

சந்தி கண்ணுக்குத் தெரிந்ததும் அவர், “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்றார். நிறுத்த ஒரு மதகும் அங்கே இல்லை. அது உண்மை. இருந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன், அதுவும் உண்மை. பெல்லை அடித்துக்கொண்டு நேரே விட்டேன். காலையில் இறங்கி உருட்டிய சந்தி அது. வாழைக்குலை ஏற்றிக்கொண்டு நின்ற வண்டிக்காரன் மாட்டை இழுத்துப் பிடித்தான். வெங்காயக் கடையடியில் நின்றவர்கள் வழி விட்டார்கள். பிறகு பார்த்தார்கள். பிறகு ஒருவர், “சேர், என்ன இது?” என்று கேட்டார். யாரோ கூ என்று கூவினார்கள்.

அண்ணைக்கு வெட்கம் தாங்கவில்லை. மடியில் இருந்த குடையை விரித்து முகத்தை மறைத்தார். காற்றுக் குடையைப் பிடிக்க, குடை சைக்கிளைப் பிடிக்க, நாங்கள் பூசணிக்காய்க் குவியலை நோக்கிப் போனோம்.

“குடையை மடக்குங்கோ” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வகுப்பில்கூட அப்படிச் சத்தம் வைத்ததில்லை. “மடக்கிப்போட்டு நிமிந்து இருங்கோ. நீங்கள் ஒருத்தரிட்டையும் களவெடுக்கேல்லை.”

குடை மடங்கியது. சந்தி பின்னால் போனது.

இணுவில் தாண்டியதும் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்த என்றுதான் நினைக்கிறேன், “சங்கானைக் கோயில் பெரிசா ஒண்டுமில்லை. முருகைக்கல்லுச் சுவர். உள்ளுக்கை ஒரு பெரிய வளைவு நிக்குது, அந்த வளைவிலை பாத்தியெண்டால்…” என்று தொடங்கினார்.

“சொல்லாதேங்கோ அண்ணை” என்றேன். “நான் போய்ப் பாப்பன்.”

அவர் நிறுத்திவிட்டார். அடுத்த மாதமே, மறுபடி குண்டு விழத் தொடங்க முன்னம், தனியாகப் போய்ப் பார்த்தேன். அந்த வளைவின் கீழே நின்று வீட்டிலிருந்து கொண்டுபோன வடையைச் சாப்பிட்டேன். அது வேறு கதை.

கொக்குவிலில் முறிவு நெரிவுக்குக் கட்டுகிற வைத்தியர் வாசலில் படி இருந்தது. அங்கே நிறுத்தினேன். எலும்பு முறியவில்லை, நெரிவுதான் என்றார். எண்ணெய் போட்டுக் கட்டி, இரண்டு நாள் காலை ஊன்றக்கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் குசினிக்குள் போய் நிலத்தில் படுத்துவிட்டேன். மச்சாள் தேத்தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு அண்ணையைப் பார்க்கப் போனாள். எனக்குத்தான் முதலில் வைத்தாள்.

திங்கட்கிழமை அண்ணை லீவு எடுக்கவில்லை. பெரிய வகுப்புக்குச் சோதனை கிட்டிவிட்டது. அவருடைய மானம் போகாமல் இருக்கட்டும் என்று மச்சாள் பக்கத்து வீட்டு மாஸ்ரரிடம் சொல்லி வைத்திருந்தாள். அவரும் நல்லூருக்குத்தான் வேலைக்குப் போகிறவர். காலையில் படலையில் வந்து நின்று பெல் அடித்தார். “சேர், ஏறுங்கோ.”

நான் என் சைக்கிளைப் படியோடு சாத்தி, காலை ஊன்றி இருந்தேன். அண்ணை கட்டுப்போட்ட காலோடு, குடையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மாஸ்ரரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மாஸ்ரர், உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்” என்றார். “நான் தங்கச்சியோடை போறன்.”

மாஸ்ரருக்கு விளங்கவில்லை. மச்சாள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணை படியில் இருந்து என் கரியருக்கு மாறி, பையை மடியில் வைத்து, “சரி, உந்து” என்றார்.

கொக்குவிலில் இருந்து நல்லூர் வரை அவர் குடையை விரிக்கவில்லை. பள்ளிக்கூட மதில் தெரிந்ததும், மூலையில் ஆளில்லாத ஒரு மதகடியில் மெதுவாக்கினேன். வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள், இங்கேயே இறங்கி நடந்துவிடட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு இரக்கம் எனக்கும் உண்டு.

“ஏன் நிப்பாட்டிறாய்?” என்றார் பின்னாலிருந்து. “உள்ளுக்கு விடு.”

உள்ளே விட்டேன். காலைப் பிரார்த்தனைக்கு முழுப் பள்ளிக்கூடமும் வரிசையாக நின்றது. அண்ணை கரியரில் இருந்தபடியே எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்.